எட்டு மணிக்கு எடுத்தார்கள்

கோட்டுச்சேரிமேட்டுச் சோமசேகரன், தான் இன்னும் சாகவில்லை என்று வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது ஜனவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. கடலிலிருந்து வந்து, வலையை உதறிப் போட்டுவிட்டு, அப்படியே பஸ் ஏறி வந்த மனிதர். மடித்துக் கட்டிய கைலியைப் பள்ளிக்கூட அலுவலக வாசலில் அவிழ்த்துவிட்டு, ஆதார் அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இதுல இருக்கறது நீங்கதானா?” என்றார் எழுத்தர்.

“நான்தாங்க. தாடிதான் பின்னால வந்துது.”

“உயிரோடதான இருக்கீங்க?”

சோமசேகரன் மூத்த மகளைத் திரும்பிப் பார்த்தார். “என்னா பாப்பா கேக்குறாரு இவரு?”

“ஆமான்னு சொல்லுங்கப்பா” என்றாள் பிரதீபா, பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஆமாங்க. நேத்துகூட ரெண்டு கூடை மத்தி புடிச்சேன்.”

எழுத்தர் சிரிக்கவில்லை. கணினியின்படி இந்த மனிதர் ஜூலையிலிருந்து டிசம்பருக்குள் நான்கு முறை இறந்திருந்தார்.

பிரதீபா அந்த வீட்டின் முதல் பட்டதாரி. பி.எஸ்சி. கணிதம். கோட்டுச்சேரி கடைத்தெருவில் இணையச் சேவைக் கடையில் உட்கார்ந்து ஊரார் விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, படகு உரிமம். எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் எவன் திருப்பி அனுப்புவான் என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். அப்படிப்பட்டவளின் தங்கை விஷயத்திலேயே இந்தக் கூத்து.

தங்கை உமாமகேஸ்வரி, காரைக்கால் டவுனில் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. நர்சிங் சேரவேண்டும் என்பது அவள் ஆசை. பொதுத்தேர்வு எழுத ஹால் டிக்கெட் வேண்டும். ஹால் டிக்கெட்டுக்கு எழுபத்தைந்து விழுக்காடு வருகை வேண்டும். பாடத்திட்டம் சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு இதிலெல்லாம் தயவுதாட்சண்யம் கிடையாது. முன்பெல்லாம் வாத்தியார் பார்த்து ஏதோ போட்டுக்கொடுப்பார். இப்போது கணக்கை வைத்திருப்பது எங்கேயோ இருக்கிற ஒரு இயந்திரம். அதனிடம் போய் அழ முடியாது.

உமா சோம்பேறி இல்லை. கோட்டுச்சேரிமேடு என்கிற மீனவர் ஊரில் பிறந்தது மட்டும்தான் அவள் செய்தது.

மேட்டில் ஒரு சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கிறவரை ஊரைவிட்டு யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது. படகு இறங்காது. மீன்கூடை ஊர் எல்லை தாண்டாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகக்கூடாது. இந்தக் கடைசி விதி பிற்பாடு சேர்ந்தது. பள்ளிக்கூடம் வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தால் ஊர் கண்டுகொண்டே இருக்காது. ‘படிப்பும் ஒரு தொழில்தானே, பெரிய தொழில்’ என்று மதித்துத்தான் அதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். மதித்ததற்குக் கிடைத்த பரிசு, சாவுக்கு ஒரு ஆப்சென்ட். துபாயிலிருந்து மகன் வரவேண்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்தால் இரண்டு. அந்த வருடம் மேட்டில் எமன் வீடெடுத்துத் தங்கியிருந்தான். இதற்கு மேல் மாரியம்மன் கோயில் காப்புக் கட்டி பத்து நாள். காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டக்கூடாது. மிச்சம் அம்மா ராசாத்தியின் கர்ப்பப்பை ஆபரேஷன்.

துணை முதல்வர் கமாலுதீன் டிசம்பரிலேயே பிரதீபாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். நல்ல மனிதர், விதியை மீறமாட்டார், ஆனால் விதிக்குள் எங்கே சந்து இருக்கிறது என்று தேடிப் பார்ப்பார்.

“விலக்கு கேக்கலாம்மா. மூணு காரணம்தான் ஒத்துக்குவாங்க. நீண்ட நாள் நோய், பெற்றோர் மரணம், தேசிய அளவுல விளையாட்டு.”

“ஊர்ல சாவுன்னா?”

“அந்தக் கட்டம் இல்லியேம்மா.”

“எங்க ஊர்ல சாவுன்னா எல்லார் வீட்லயும் சாவுதான் சார்.”

“எனக்குப் புரியுது. கட்டத்துக்குப் புரியணுமே. எதுக்கும் உங்க ஊர்ல லெட்டர் வாங்கிட்டு வா.”

அங்கேதான் பிசகியது. ஊர்த்தலைவர் கார்த்திகேசன் உதவி என்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தின் பெயர் அச்சடித்த கடிதத்தாளில், ஊர் முத்திரை வைத்து, தேதிவாரியாக இறந்துபோன நான்கு பேர் பெயரை எழுதி, ‘மேற்படியார்கள் மாணவிக்குத் தகப்பனார்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிரதீபா அன்று கடையில் ரேஷன் கார்டுக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். கடிதத்தை உமாவே நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எழுத்தர் நான்கையும் கணினியில் ஏற்றினார். மேலே இருந்தவர்கள், ஒரு பெண்ணுக்கு எத்தனை அப்பா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கூடவே, அப்பா உண்மையில் இருக்கிறாரா இல்லையா என்பதற்கு ஆதாரமும் கேட்டார்கள்.

பிரதீபா கார்த்திகேசனின் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டாள்.

“பெரியப்பா, உங்களுக்கு அறிவிருக்கா? எங்கப்பா குத்துக்கல்லாட்டம் இருக்காரு. நாலு தடவ சாவடிச்சிருக்கீங்க.”

“ஏ பாப்பா, வாய அளந்து பேசு. பெரியப்பன் அப்பன் இல்லியா? சித்தப்பன் அப்பன் இல்லியா? நாளைக்கு ஒனக்குக் கல்யாணம்னா ஒங்கப்பன் எடத்துல நான் நிக்கமாட்டனா?”

“நிப்பீங்க. ஆனா அந்த ஃபாரத்துல நிக்க முடியாது.”

“அதுவும் எல்லாரையும் எழுதலியே நான்? அந்தப் பக்கம் மூணு சாவு மாமன் முறை. மாமன் செத்ததுக்குத் தகப்பன்னு எழுதுனா பொய்யாப் போயிடும்ல? விட்டுட்டேன்.” நேர்மைக்குப் பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு நின்றார்.

பிரதீபாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அவர் எழுதியதில் ஊர்க்கணக்குப்படி ஒரு சொல் பொய்யில்லை. எழுத்தர் ஏற்றியதில் இயந்திரக் கணக்குப்படி ஒரு சொல் தவறில்லை. இரண்டு யோக்கியர்களுக்கு நடுவில் அவள் தங்கை நசுங்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா உயிரோடு இருப்பதை நிரூபித்த அந்தத் திங்கட்கிழமை, கமாலுதீன் கணக்கைப் போட்டுக் காட்டினார். விலக்கு இனி கிடையாது. ஆனால் இந்த மாதக் கடைசிவரை ஒருநாள் விடாமல் வந்தால் எழுபத்தைந்தை மயிரிழையில் தொட்டுவிடலாம். உயிரியல் செய்முறைத் தேர்வும் அதற்குள் வருகிறது.

“ஒரு நாள் போச்சுன்னாலும் அடுத்த வருஷம்தாம்மா.”

“ஊர்ல யாராவது செத்தா சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்க தெருவுல மவுத்து ஆனா ஜனாஸாவக் காக்கப் போடமாட்டோம். சீக்கிரம் அடக்கிடணும், அது மார்க்கம். பசங்க ரெண்டாவது பீரியடுக்கு வந்து நிக்கும். உங்கள்ள சாயந்தரம்வரைக்கும் வெச்சிருக்கீங்க. நான் குறையாச் சொல்லல.”

குறையாகத்தான் சொன்னார் என்று பிரதீபா நினைத்தாள். ஆனால் அந்தச் சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று மாலை உமா ஆங்கில மாதிரி வினாத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏதோ ஒரு தீவில், ஒருவர் இறந்தால் மொத்த ஊரும் வேலையை நிறுத்திவிட்டுத் துக்கம் காக்குமாம். எவ்வளவு உயர்ந்த பண்பாடு என்று ஒரு பத்தி. கீழே கேள்வி: அம்மக்களின் ஒற்றுமையை எண்பது சொற்களில் பாராட்டுக. ஐந்து மதிப்பெண்.

“எழுதுடி எழுது” என்றாள் பிரதீபா. “தீவுக்காரன் செஞ்சா அஞ்சு மார்க்கு. நீ செஞ்சா ஆப்சென்ட்டு.”

“படிக்க வுடேன்க்கா” என்றாள் உமா.

செய்முறைத் தேர்வு அன்று, விடியற்காலை நாலரை மணிக்கு, வைரக்கண்ணு செத்துப்போனார்.

வேறு யாராவது செத்திருந்தால்கூடப் பிரதீபாவுக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. அவள் கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் ஏலக்கொட்டகையில் உட்கார்ந்து, ‘காலேஜிக்குப் போற பொண்ணு கரைக்குத் திரும்பாது, பாத்துக்குங்க’ என்று சத்தமாகப் பேசியவர் அவர். அவருக்காகத்தான் இப்போது உமா வீட்டில் உட்காரவேண்டும். இதில் அவரும் பெரியப்பா முறை வேறு. ஐந்தாவது அப்பா.

ஆறு மணிக்குள் சங்கு ஊதியாகிவிட்டது. இறங்கிய இரண்டு படகுகளைப் போன் போட்டுத் திருப்பிவிட்டார்கள். உமா சீருடையைப் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

“பின்னாடி சவுக்குத்தோப்பு வழியா அனுப்பிடலாம்” என்றாள் பிரதீபா.

“போறப்ப யாரும் பாக்கலன்னா சரி. வர்றப்ப?” என்றாள் ராசாத்தி. “நாளைக்கு நம்ம வீட்ல ஒண்ணுன்னா நாலு பேரு தூக்க வேணாமா?”

சோமசேகரன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழவு வீட்டுக்குக் கிளம்பினார். பிரதீபா அவருக்கு முன்னால் போனாள்.

பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கார்த்திகேசன் பறைக்குச் சொல்லிவிட்டு, ஐஸ் பெட்டிக்கு யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

“பெரியப்பா, எப்ப எடுக்குறீங்க?”

“நாலு மணிக்கு மேலதான். அமிர்தவல்லி வரணும்ல.”

அமிர்தவல்லி வைரக்கண்ணுவின் ஒரே மகள். பழவேற்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

“எட்டு மணிக்கு எடுங்க.”

அவர் ஐஸ் பெட்டியை மறந்தார். “என்னாது?”

“எட்டு மணிக்கு எடுத்துட்டா கட்டுப்பாடும் கெடாது, பசங்களும் ஒம்போதுக்குப் போயிடும். பதினாலு புள்ளைங்க பெரியப்பா. பன்னெண்டாவது மட்டும் மூணு பேரு. மூணு பேருக்கும் இன்னிக்கி செய்முறை.”

“பொணத்துக்கு டைம் டேபிள் போடுறியா நீ?”

“நான் போடல. அவங்க போட்டிருக்காங்க. நாலு அப்பான்னு எழுதிக் குடுத்தீங்கல்ல, அதுக்குப் பதிலா இதச் செய்யுங்க.”

கூடியிருந்தவர்களில் இரண்டு பேர் அவளைத் திட்டினார்கள். ஒருவர், படிக்க வைத்தால் இப்படித்தான் என்றார். ஆனால் அந்தப் பன்னிரண்டாம் வகுப்பு மூன்று பேரில் ஒருத்தனின் அப்பாவும் அங்கே நின்றிருந்தார். அவர் திட்டவில்லை, தரையைப் பார்த்தார். கார்த்திகேசன் அதைக் கவனித்தார்.

“ஊரு சொல்ல முடியாது பாப்பா. பெரியநாயகி சொன்னா எடுக்கலாம். நீயே போய்க் கேளு, தைரியம் இருந்தா.”

பெரியநாயகி புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள் ஒப்பாரியை நிறுத்தாமல், கண்ணால் மட்டும் பிரதீபாவைப் பார்த்தார்கள். அவள் குனிந்து, காதோடு சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் குரல் கடையில் விண்ணப்பதாரருக்கு விளக்குகிற குரலாக இருப்பது அவளுக்கே கேட்டது. விழுக்காடு. மாதக் கடைசி. செய்முறை.

பெரியநாயகி கேட்டு முடித்தாள். “அமிர்தம் எங்க வந்துகிட்டிருக்கா?”

“இப்பதான் மெட்ராசு பஸ்ஸுல உக்காந்திருக்கு. வர மத்தியானம் மூணு மணி ஆவும் பெரியம்மா.”

“அவ வாய்க்கரிசி போடணும்டி.”

பிரதீபா எழுந்திருக்கவில்லை.

“ஒங்க பள்ளிக்கூடத்துல இதெல்லாம் கேட்டுதான் ஆவணுமா?”

“ஆமா பெரியம்மா.”

“செத்த ஊட்ல வந்து, எப்பத் தூக்குவீங்கன்னு கேக்கணுமா?”

“...ஆமா பெரியம்மா.”

“அப்ப எடுங்க. நான் என்னாத்தக் கண்டேன், நான் படிச்சவளா?” பெரியநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அமிர்தத்துக்கிட்ட வழியில சொல்லாதீங்க. பஸ்ஸுல கெடந்து அழுவா.”

எட்டு மணிக்கு எடுத்தார்கள். பறைக்காரர்கள் வந்து சேரவில்லை. சங்கு மட்டும் போனது. பூ பாதிப் பல்லக்குக்குத்தான் இருந்தது. ஊருக்கே கூச்சமாக இருந்ததோ என்னவோ, எல்லாரும் வேகமாக நடந்தார்கள். பிணம் தெருமுனை திரும்பியதும் பதினாலு பிள்ளைகளையும் குழாயடியில் நிறுத்தித் தலையோடு தண்ணீர் ஊற்றி, ஈரத்தோடு சீருடையை மாட்டி, இரண்டு லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். பிரதீபாவும் ஏறிக்கொண்டாள். சோமசேகரன் சுடுகாட்டுப் பக்கம் போகிற கூட்டத்திலிருந்து ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்தார். திட்டுகிற பார்வை என்றால் அவளுக்குப் பதில் தெரிந்திருக்கும்.

பள்ளிக்கூடத்தை அடைந்தபோது மணி ஒன்பது பன்னிரண்டு. கேட் ஒன்பது மணிக்கே மூடியாகிவிட்டது.

உடற்பயிற்சி ஆசிரியர் உள்ளேயிருந்தபடியே பார்த்தார். பதினாலு பேர், தலையிலிருந்து நீர் சொட்ட, ரிப்பன் இல்லாமல், எண்ணெய் இல்லாமல்.

“இது என்னா கோலம்? கடல்லேருந்து நேரா வரீங்களா?” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். “லேட் வந்தா அரை நாள் ஆப்சென்ட். தெரியும்ல?”

பிரதீபா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “சார், பொணத்த எடுத்துட்டு, குளிச்சுட்டு வந்திருக்காங்க. ஒருத்தர அவரோட பொண்ணு மூஞ்சியப் பாக்கறதுக்குள்ள அவசர அவசரமாத் தூக்கிட்டு, உங்க மணிக்கு ஓடி வந்திருக்காங்க. பன்னெண்டு நிமிஷம். கேட்டத் தொறங்க. இல்லன்னா நான் இங்கயே உக்காந்து ஒப்பாரி வெப்பேன். எனக்கு நல்லா வரும்.”

சத்தம் கேட்டுக் கமாலுதீன் வந்தார். பிள்ளைகளின் தலைகளைப் பார்த்தார். கேட்டைத் திறக்கச் சொன்னார். தானே டேப்லெட்டை வாங்கி, ஒவ்வொரு பெயராகத் தட்டினார். உமாமகேஸ்வரி, பிரசென்ட்.

“எடுத்துட்டீங்களாம்மா?”

“எடுத்தாச்சு சார். உங்க தெரு மாதிரி.”

அவர் டேப்லெட்டை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

செய்முறைத் தேர்வு ஒன்பதரைக்கு. வெளித்தேர்வாளர் ஒன்பதரைக்கு வரவில்லை. பத்தரைக்கும் வரவில்லை. வேறொரு பள்ளியில் முடித்துவிட்டு வருகிறாராம். பிள்ளைகள் ஆய்வகத்துக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்து தலைமுடியை விரல்களால் கோதிக் காயவைத்தார்கள். பிரதீபா வேப்பமரத்தடியில் நின்று மணியைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். ஒன்றரைக்கு அவர் காரில் வந்து இறங்கினார். மன்னிப்பெல்லாம் இல்லை. டீ கேட்டார். அவருடைய தாமதத்துக்கு எங்கேயும் ஒரு கட்டம் இல்லை.

உமா உள்ளே போனதைப் பார்த்துவிட்டு, பிரதீபா கோட்டுச்சேரிக்கு பஸ் ஏறினாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஜெயித்தாகிவிட்டது என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

கோட்டுச்சேரி நிறுத்தத்தில் அவள் இறங்கிய அதே நேரம், எதிர்ப்பக்கம் வடக்கேயிருந்து வந்த பஸ்ஸிலிருந்து அமிர்தவல்லி இறங்கினாள். ஒரு கையில் ரோஜா மாலை, தண்ணீர் தெளித்துத் தெளித்து வாழையிலையில் சுற்றியது. இன்னொரு கையில் வேட்டி ஒன்று, கடைப் பையில். கண் வீங்கியிருந்தது. பிரதீபாவைப் பார்த்ததும் சாலையை அப்படியே குறுக்கே கடந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லவேள, நீ இருந்த. போன் போட்டா யாரும் சரியாவே பேச மாட்டேங்குறாங்கடி. ‘வா வா’ங்கறாங்க, வெச்சுடறாங்க. எல்லாரும் வந்துட்டாங்களா? நாலு மணின்னாங்க. போயிடலாம்ல?”

மேட்டு ஆட்டோக்காரர் ஒருவர் இவர்களைப் பார்த்து வண்டியைத் திருப்பினார். அவருக்கு விஷயம் தெரியும். அதனால் முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் போய்த் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் எட்டு மணிக்கு எடுக்கச் சொல்லிக் கேட்டது பிரதீபா. காலையில் குனிந்து காதோடு கேட்டவள், இப்போது நிமிர்ந்து சொல்லத்தான் வேண்டும்.

“அக்கா, எடுத்தாச்சு.”

“எத?”

“பெரியப்பாவ. காலையிலயே. எட்டு மணிக்கு.”

அமிர்தவல்லிக்கு முதலில் விளங்கவில்லை. “ஏன், ஒடம்பு தாங்கலியா? ஐஸு பொட்டி கெடைக்கலியா?”

“கெடச்சுது. நான்தான் கேட்டேன். உமாவுக்குப் பரிட்சை. ஒரு நாள் வரலன்னா எழுத வுடமாட்டாங்க. ஊர்ப் புள்ளைங்க எல்லாருக்கும்... பதினாலு பேரு. பெரியம்மா சரின்னாங்க.”

“எங்கம்மா சரின்னாளா?”

“நான் கேட்டதால சொன்னாங்க.”

அமிர்தவல்லி பிடித்திருந்த கையை விட்டாள். பஸ் ஒன்று வந்து நின்று, கிளம்பிப் போனது.

“ஏழு மணி நேரம் வந்தேன்டி” என்றாள் கடைசியில். குரல் உயரவே இல்லை. “ஏழு மணி நேரம். ரெண்டு புள்ளைங்களையும் பக்கத்து ஊட்ல வுட்டுட்டு. எங்கப்பன் என்ன ஸ்கூல் பஸ்ஸா, மணியடிச்சா கெளம்ப?”

“தப்புதான்க்கா. ஆனா எனக்கு வேற வழி தெரியல.”

“ஒனக்கா? ஊருக்கே வழி எழுதிக் குடுக்கறவ நீ. ஒனக்கு வழி தெரியலியா?” மாலையை ஆட்டோவுக்குள் வைத்தாள். ஏறி உட்கார்ந்தாள். “அந்த ஆளு ஒன்ன என்ன பேசுனாருன்னு எனக்குத் தெரியும். நான் அவரோட சண்டகூடப் போட்டிருக்கேன், ஒனக்காக. ஆனா அவரு என் அப்பன்டி. ஒங்க ஃபாரத்துல போடுறாங்களே, அந்த அப்பன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்.”

பிரதீபாவுக்குக் கோபம் வந்தது. கமாலுதீன் மேல், கார்த்திகேசன் மேல், டீ கேட்ட தேர்வாளர் மேல், எழுபத்தைந்து என்கிற அந்த எண்ணின் மேல். ஒன்றுகூட அமிர்தவல்லியின் எதிரில் எடுத்து வைக்கிற மாதிரி இல்லை.

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். “பாப்பா, நீ ஏறலியா?”

“அவ வேணாம்ணே” என்றாள் அமிர்தவல்லி. “நீங்க வண்டிய எடுங்க. அவ நேரத்துக்குப் போய்ச் சேந்துடுவா.”